நான்காவது பெட்டி

டீச்சரம்மா என்று பேர்தானே தவிர, அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. ஒரு மென்பொருளுக்குப் பயிற்சிப் பாடம் எழுதுகிறவள். அந்த மென்பொருளில் மௌஸைப் பிடித்து இழுத்து வரைகிற வேலையெல்லாம் கிடையாது. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, நடுவில் ஒரு துளை என்று வரிவரியாக எழுதினால் பொருள் திரையில் எழுந்து நிற்கும். முகம் தெரியாத பலர் சேர்ந்து உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டிருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இவள் நோட்புக் தயாரித்துத் தருகிறாள். காகித நோட்டு இல்லை, திரையில் திறப்பது. கொஞ்சம் விளக்கம், அதன் கீழே கோட் எழுதிய ஒரு பெட்டி, பக்கத்தில் ரன் பட்டன். அமுக்கினால் அங்கேயே படம் வரும். எண்ணை மாற்றி அமுக்கினால் படமும் மாறும். கூட வேலை பார்க்கும் தன்னார்வலர்கள் வைத்த பட்டம்தான் டீச்சரம்மா. ஐயோ அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் குளிர்ந்து போவாள்.

மூடி போட்ட டப்பா செய்கிற பாடம் அவளுக்குச் செல்லப்பிள்ளை. நூற்றுக்கணக்கான பேர் எடுத்திருக்கிறார்கள், ஒரு புகார் வரவில்லை. புகாரே வராத பாடம் என்று சொல்லிச் சொல்லிப் புருஷனுக்குக் காது புளித்துவிட்டது.

அந்தப் புருஷன்தான் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டான். அவன் தங்கை ஒரு ஆஸ்பத்திரிப் பட்டறையில், அடிபட்ட கைகளை அசையாமல் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் செய்கிறவள். இனி அதைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, பொருளாகவே அச்சடித்துத் தரும் மெஷினில் பிரிண்ட் எடுக்கப் போகிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் அந்த நாற்காலிக்கு முதலில் அவளைத்தான் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் போகிறாளாம். அண்ணி எழுதிய பாடத்தைத் திறந்து பார்த்தாளாம், மண்டையில் ஏறவே இல்லையாம்.

டீச்சரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. லேப்டாப்பை அணைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, மூடி வைப்பதோடு சரி. திறந்தாள். டப்பா பாடத்தின் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். எல்லாம் ஜம்மென்று ஓடின. பொறுமையாக உட்கார்ந்து படிக்க உடம்பு வணங்கவில்லை, பழி மட்டும் என் பாடத்தின் மேலா என்று பொருமிக்கொண்டு, லேப்டாப்பைத் தூக்கிப் பையில் போட்டுக் கிளம்பிவிட்டாள்.

பட்டறையில் எங்கே கை வைத்தாலும் வெள்ளை பிளாஸ்டர் மாவு. சுவரில் ஆணி அடித்து, கை அச்சுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நாத்தனார் அண்ணியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். செய்து காட்டு, நான் வாயே திறக்கமாட்டேன் என்றாள் இவள். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் நோட்புக்கைத் திறந்தார்கள்.

நாத்தனார் ஒவ்வொரு விளக்கத்தையும் உதடு அசைய முழுசாகப் படித்த பிறகுதான் பட்டனை அமுக்கினாள். இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று இவள் அலட்சியமாக எழுதிப் போட்ட வரிகளைக்கூட அவள் விடவில்லை. சோம்பேறி என்று நினைத்தோமே என்று இவளுக்குச் சுருக்கென்றது. முதல் பெட்டியில் அளவுகள். இரண்டாவதில் செங்கல் மாதிரி ஒரு கட்டி வந்தது. மூன்றாவதில் கட்டியின் முனைகள் மழுங்கின. நான்காவது பெட்டி உள்ளே குடைய வேண்டும். அமுக்கினாள். சிவப்பாக எரர் வந்தது. கனம் என்று நீ சொல்வது எனக்குத் தெரியாது என்றது கம்ப்யூட்டர்.

"இங்கதான் அண்ணி. எப்பவும் இங்கதான்."

டீச்சரம்மா தன் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து ஓட்டினாள். டப்பா அழகாகக் குடைந்து நின்றது. பார்த்தியா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. நாத்தனாரின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு திரைகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாள். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. நினைவில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் ரீஸ்டார்ட் பட்டனைத் தன் லேப்டாப்பில் அமுக்கி, முதலிலிருந்து ஓட்டினாள். நான்காவது பெட்டியில் அதே சிவப்பு.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. டப்பாவின் சுவர் எவ்வளவு கனம் என்று சொல்கிற ஒற்றை வரிக்குத் தனிப் பெட்டி எதற்கு, பார்க்க நன்றாக இல்லையே என்று அதை வெட்டி எடுத்தாள். இரண்டாவது பெட்டிக்குள் ஒட்டுவதற்குள் வாசல் மணி அடித்தது. திரும்பி வந்து ஒட்ட மறந்துவிட்டாள். வரி போய்விட்டாலும், ஒருமுறை ஓட்டியதை அவள் லேப்டாப் நினைவில் வைத்திருந்தது. அதனால் அவளுக்கு மட்டும் ஓடியது. அதை அணைக்காததால் அந்த நினைவும் இத்தனை நாள் அழியாமல் இருந்திருக்கிறது. எடுத்துப் போன அத்தனை பேருக்கும் நான்காவது பெட்டியில் நின்றிருக்கும். பின்னே ஏன் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை?

"ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

நாத்தனார் திரையில் மேலே போய், பாடத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள். 'இது மிகவும் சுலபம். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்.'

"இப்படி எழுதியிருக்கும்போது, வரலைன்னு எப்படி அண்ணி கேக்கிறது?"

டீச்சரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. தைரியம் சொல்வதாக நினைத்து எழுதிய வரி. நூற்றுக்கணக்கான பேர் அதைப் படித்துவிட்டு, குழந்தைக்கு வருவது நமக்கு வரவில்லையே என்று சத்தம் போடாமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத்தான் இவள் புகாரே இல்லை என்று வீடு முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறாள்.

"உனக்கு ஏறாம இல்லம்மா. நீ சரியாத்தான் செஞ்சிருக்க. தப்பு என்னுது."

நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது. காலையில் வந்ததுமே மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றாள். அந்த நாற்காலியில் உட்கார எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. நான் வந்து சொல்கிறேன் என்று டீச்சரம்மா எழுந்தாள். நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலில் இதைச் சரிபண்ணுங்கள், அங்கே நானே பேசிக்கொள்கிறேன் என்றாள்.

விட்டுப்போன வரி தன் இடத்துக்கு வந்தது. நாத்தனார் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். டப்பா குடைந்து நின்றது. யாரும் சொல்லாமலே கனத்தைக் கூட்டி அமுக்கினாள், சுவர் தடித்தது. குறைத்தாள், மெலிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மேனேஜர் தலையைச் சொறிவது மட்டும் தெரிந்தது. டீச்சரம்மா முதல் வரியை அழித்தாள். எங்கேயாவது நின்றுபோனால் எழுதியவள்மேல் தப்பு இருக்கலாம், தயங்காமல் கேளுங்கள் என்று எழுதினாள். அழித்தது நிஜமாகவே போய்விட்டதா என்று ரீஸ்டார்ட் போட்டும் பார்த்துக்கொண்டாள்.

நாத்தனார் திரும்பி வந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, திட்டிவிட்டுச் சரி என்றார் என்றாள். நாற்காலியை அண்ணியின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த விளக்கத்தை உதடு அசையப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அஞ்சாவது பெட்டி எனக்குப் புரியல அண்ணி," என்றாள். "சொல்லிக் குடுங்க."