அனுமதி கேட்கும் கோமாளிகள்

பார்ப்பவரைச் சிரிக்க விடாமல் தடுக்கும் ஆற்றல் இந்த உலகில் கோமாளிகளுக்கு மட்டுமே உண்டு என்று, சாயங்காலம் வார்டுக்குக் கோமாளிகள் வருவார்கள் எனக் கேள்விப்பட்ட அண்ணன்காரன் அறிவித்தான். கல்லூரியில் அவன் எதைச் சொன்னாலும் நாலு பேர் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரி அறையில் அந்த நாலு பேர் இல்லை. அம்மா மட்டும் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாயை மூடுடா. அவ தூங்குறா."

தங்கை தூங்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எட்டு வயது. வீட்டில் காது புளிக்கப் பேசுகிறவள், வயிற்றில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. "கோளாறு ஒண்ணுமில்ல, பேச ஆரம்பிச்சா தேறிடுவா" என்று டாக்டர் சொன்னார். எப்படிப் பேச வைப்பது என்று சொல்லவில்லை. அண்ணன்காரனுக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

கதவு தட்டப்பட்டது. சிவப்பு மூக்கு மாட்டிய இருவர், ஒரு நெட்டை, ஒரு குட்டை. வேலை முடிந்த மாலைகளில் குழந்தைகள் வார்டுக்கு வருகிற தொண்டர்கள்.

"உள்ள வரலாமா மேடம்?" என்று நெட்டையன் தங்கையைக் கேட்டான்.

இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

"அட, சும்மா வாங்க சார். வேலை கேட்டு வந்த மாதிரி நிக்கிறீங்க. அவ பேசமாட்டா" என்றான் அண்ணன்காரன்.

"மேடம் சொல்லாம வரமாட்டோம் தம்பி. ஊசி போடறவங்க யாரும் அவங்களைக் கேட்டுட்டா வர்றாங்க? நாங்களாவது கேக்கணும்ல. வேணாம்னாலும் சரி, போயிருவோம்."

"வேணாம்னு கேட்டுக்கறதுக்கா பஸ் பிடிச்சு வர்றீங்க?"

"ஆமா" என்றான் நெட்டையன், கொஞ்சங்கூடச் சிரிக்காமல்.

தன் பிழைப்பை எவனோ தட்டிப் பறித்ததுபோல் அண்ணன்காரன் முழித்தான்.

"வேணாம்."

குரல் சுவர்ப் பக்கமிருந்து வந்தது. அம்மாவின் கை அப்படியே நின்றது. நெட்டையன் பதறித் திரும்பி, கதவு நிலையில் மோதி, குட்டையனின் காலை மிதித்து வெளியேறினான். கதவைச் சாத்திவிட்டு மறுபடி தட்டினான்.

"இப்போ?"

"வேணாம்!" இந்த முறை தலை வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அம்மா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தனக்கும் ஏதாவது வருகிறதா என்று அவன் பார்த்தான். வரவில்லை. "அசிங்கப்படறதுக்குக்கூட ஆள் சேர்க்கிறாங்கப்பா" என்றான்.

மறுநாள் தொண்டர்கள் வரும் நாளில்லை. காலையில் நர்ஸ் வந்து கையில் வேறு இடம் பார்த்து ஊசி குத்திவிட்டுப் போனாள். தங்கை பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கிறியா கண்ணு?" என்று அம்மா கெஞ்சினாள். சுவர்தான் கேட்டுக்கொண்டது.

அண்ணன்காரன் எழுந்து வெளியே போனான். காரிடாரில் இரண்டு பக்கமும் பார்த்தான். தெரிந்த முகம் எதுவும் இல்லை. கதவைத் தட்டித் தலையை நீட்டினான்.

"உள்ள வரலாமா மேடம்?"

பின்னால் மருந்து வண்டி வந்து நின்றது.

"வழியை விடுப்பா" என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் இருங்கக்கா. அவ இன்னும் சொல்லல."

"நீயா?" என்றது உள்ளேயிருந்து குரல். "நீ வேணவே வேணாம்!"

நெற்றியைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டான். வலித்ததா என்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி தட்டினான்.