ஐந்தாவது சட்டை

அந்த வருஷம் நவம்பர் ஒன்பதாம் தேதி வரை ஹால்வர் மாவட்டத்தில் ஒரு மேப்பிள் இலைகூட நிறம் மாறவில்லை. ஜனெல் வோஸ்பெர்க் குடும்பப் படத்துக்கான உடைகளைத் தேர்ந்தெடுத்து முடிக்காததுதான் காரணம். விஸ்கான்சினின் மற்ற மாவட்டங்களில் இலைகள் காலாகாலத்தில் பழுத்து, உதிர்ந்து, பைகளில் அடைபட்டுத் தெருமுனைக்குப் போய்விட்டன. மாவட்ட எல்லையில் பால்பண்ணைச் சாலை நடுவில் நின்றால் இடதுபக்கம் மொட்டை மரங்களும் வலதுபக்கம் ஜூன் மாதத்துப் பச்சையும் தெரியும். ஓட்டுநர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இது தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மூத்தவள் பிரிட்டா ஆறுமாதக் குழந்தையாக இருந்தபோது, ஊர் வழக்கப்படி லயல் க்ருஸ்காவின் ஆப்பிள் தோட்டத்தில் இருபது நிமிஷம் முன்பதிவு செய்து படம் எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு அந்தப் படம்தான். அதற்காக ஜனெல் எல்லாருடைய உடைகளையும் எப்படி நிற்கப்போகிறார்களோ அந்த வரிசையிலேயே பெரிய கட்டிலில் பரப்பி, நிறம் சேர்கிறதா என்று பார்த்தாள். துருச்சிவப்பும் பாலேட்டு வெள்ளையும். மறுநாள் காலை மாவட்டம் முழுக்க மரங்கள் துருச்சிவப்பில் நின்றன. மேப்பிள் அப்படி நிற்பது வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் வருஷம் அவள் கருநீலமும் கடுகு மஞ்சளும் எடுத்தாள். காடு கருநீலமாயிற்று, சிகாகோவிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்கள். ஆறாம் வருஷம் சிவப்பும் கறுப்பும் கட்டம்போட்ட சட்டைகள். இலைக்கு இலை கட்டம் விழுந்தது, பிள்ளைகள் அவற்றை நோட்டுப்புத்தகத்தில் வைத்து அழுத்தினார்கள். அதன் பிறகு ஊர்ப் பெண்கள் ஜனெல் பரப்பி முடிக்கும்வரை தங்கள் உடைகளை வாங்காமல் காத்திருந்தார்கள், பின்னால் நிற்கும் மரத்தோடு சட்டை கரைந்துபோகக் கூடாதல்லவா. ஜனெலுக்கும் இதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. ஒரு மாவட்டமே தன் கட்டிலைப் பார்த்து நின்றால் யாருக்குத்தான் இருக்காது?

இலை மாறாத அந்த வருஷம் ஜூனில் அவள் கணவன் கர்ட் வீட்டைவிட்டுப் போனான். பாலாடைக்கட்டி ஆலையில் இயந்திரம் பார்ப்பவன், அதிகம் பேசாதவன். ஒரு துணிப்பையும் பனிக்கட்டி ஏரியில் மீன்பிடிக்கும் தூண்டில்களும் எடுத்துக்கொண்டு பவுலிங் கூடத்தின் மாடியறைக்குக் குடிபோனான். வேறு பெண் இல்லை, குடி இல்லை, சண்டைகூட இல்லை. சண்டை இல்லாததுதான் ஜனெலுக்கு ஆறவே இல்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னான்.

“பதினஞ்சு வருஷமா எங்க நிக்கணும், எப்பச் சிரிக்கணும்னு நீ சொன்னபடி நின்னுட்டேன், ஜனெல். இப்ப நானா எங்க நிக்கணும்னு யோசிச்சா ஒண்ணுமே தெரியமாட்டேங்குது.”

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஊரில் ஒரு விஷயம் தெரிவது வேறு, நடந்ததாக ஆவது வேறு. வாழ்த்து அட்டையில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. குழந்தை பிறந்தாலும் நாய் செத்தாலும் அப்படித்தான். ஜனெலின் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு முகவரிகள் இருந்தன. கட்டிலில் ஐந்து உடை பரப்பினால் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குப் பொய் சொன்னதாகும். நான்கு பரப்பினால் தன் குடும்பம் உடைந்ததைத் தானே தபால்தலை ஒட்டி ஊருக்கு அனுப்பியதாகும். இரண்டுக்கும் அவளுக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் வெயிலில் வியர்த்துக்கொண்டே பழுப்பு நிறத்தில் கம்பளி உடைகள் வாங்கினாள். கர்ட்டின் அளவில் ஒரு நீலச்சட்டையும் வாங்கினாள். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க கிரீன் பே நகரம் வரை போனாள், அடுத்த வாரம் அதையே மறுபடி வாங்கினாள். நாலாம் தடவை கடைக்காரி காரணம் கேட்பதை விட்டுவிட்டு, “வாங்க ஜனெல், வழக்கமானதுதானே?” என்றாள். வீட்டில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஐந்து பரப்பிய நாட்களில் சாயங்காலத்துக்குள் மரங்களின் உச்சியில் லேசாகப் பழுப்பு ஏறும். ஐந்தாவதை அவள் எடுத்துவிடுவாள். விடிந்தால் மறுபடி பச்சை. நான்கு பரப்பிய நாட்களில் ஒன்றுமே அசையாது. இரண்டாமவன் வெஸ்லி தினமும் எந்தச் சட்டை என்று கேட்டான். ஏழு வயது டெஸ்ஸா மட்டும் கேட்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் கட்டிலில் கிடப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

அக்டோபரில் பேருந்துகள் வந்தன, பச்சையைப் பார்த்தன, திரும்பிப் போயின. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் துக்கவீட்டுக்கு வருவதுபோல உலைமூடியோடுதான் வந்தார்கள், அதன் அடியில் சுடச்சுட நூடுல்ஸும் டூனா மீனும் பாலாடைக்கட்டியும் இருந்தன. யாரும் நேராக எதையும் கேட்கவில்லை. கண்ணாடித் தட்டை நீட்டிவிட்டு, வாசலிலேயே முக்கால் மணிநேரம் நின்று, குளிரைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் பேசிவிட்டு, கிளம்பறேன் என்று நாலு முறை சொல்லிக் கிளம்பினார்கள். பதினொரு தட்டுகள் சேர்ந்தன. பூசணிக்காயெல்லாம் விற்காமல் அழுகிக்கொண்டிருந்த லயல் க்ருஸ்காதான் அதிகபட்சமாக வாய்திறந்தவர்.

“இந்த வருஷம் பச்சை கொஞ்சம் அதிகம்தான், இல்லையாம்மா?” என்றார்.

அவள் ஆமாம் என்றாள். அவர் அதற்கே வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

அக்டோபர் இருபத்தெட்டில் ஈரப்பனி கொட்டியது. இலையுள்ள கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்தன. ஒன்று லூத்தரன் தேவாலயத்தின் கூரையைத் துளைத்தது, மாவட்டத்தில் பாதிக்கு இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அதற்குப் பிறகு வந்த தட்டுகளில் பாலாடைக்கட்டி குறைந்திருந்தது. கர்ட் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தச் சட்டையை எடுத்துவை, இருபது நிமிஷம்தானே, வந்து நின்றுவிட்டுப் போகிறேன், ஊர் பாவம் என்றான். நல்லவன்தான். அந்த நல்லதனம் ஜனெலை ஊசியாகக் குத்தியது.

படமெடுக்கும் ஷானன் தன் கடைசி நேரத்தை அவர்களுக்கென்று வைத்திருந்தாள். நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை, மூன்று மணி. அதற்குள் ஆகஸ்டில் வாங்கியதெல்லாம் பாழாகியிருந்தது. வெஸ்லியின் கை சட்டையைவிட நீண்டுவிட்டது, டெஸ்ஸா தன்னுடையதில் நூடுல்ஸைக் கொட்டியிருந்தாள், பிரிட்டாவோ பழுப்பு நிறம் போட்டால் செத்தாலும் வரமாட்டேன் என்றுவிட்டாள். துவைத்துக் கிடந்ததை எடுத்துப் பரப்பினாள் ஜனெல். பிரிட்டாவின் கறுப்பு முக்காட்டுச்சட்டை, வெஸ்லியின் மான்வேட்டை ஆரஞ்சு மேலங்கி, கர்ட்டின் நீலச்சட்டை இஸ்திரி போட்டு, தன்னுடைய சாம்பல் கம்பளிச்சட்டை, கடைசியில் டெஸ்ஸா ஹாலோவீனுக்குப் போட்ட ஊதாச் சூனியக்காரி கவுன். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒன்றுக்கொன்று சேரவில்லை, அவளும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது நீலச்சட்டையின் கை அவளுடைய சாம்பல் சட்டையின் தோள்மேல் கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வைப்பாள், இந்தத் தடவையும் அவளை அறியாமல் அவள் கையே வைத்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு அவன்மேல் பரிதாபமாகவும் இருந்தது. சட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நான்கு உடைகள் மிஞ்சின. நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் மாறவில்லை. இத்தனை நாளும் நான்கு பரப்பும்போதெல்லாம் இந்த இடத்தை விட்டே பரப்பிவந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து தன் சாம்பல் சட்டையை இழுத்து வெஸ்லியின் ஆரஞ்சோடு ஒட்டிப்போட்டாள். டெஸ்ஸாவின் கவுனை இழுத்துத் தன்னுடையதோடு சேர்த்தாள். இடம் அடைபட்டுவிட்டது. பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

“வர வேண்டாம், கர்ட்.”

“சரி,” என்றான். பிறகு, “எப்படி நிக்கப்போறீங்க?”

“கிட்டக் கிட்ட.”

மூன்று மணிக்குள் மாவட்டம் முழுக்க நிறம் மாறிவிட்டது. சில மரங்கள் கறுப்பு, சில வேட்டை ஆரஞ்சு, சில சாம்பல், சில ஊதா, நீலம் மட்டும் எங்கும் இல்லை. படத்தில் பிள்ளைகள் பின்னணியோடு பாதி கரைந்துதான் போனார்கள், ஷானன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பேருந்துகள் மறுபடி வந்தன. லயல் பொறுக்கிப் பொறுக்கி நல்ல பூசணிகளை முன்னால் வைத்தார். ஒருவர் கண்ணில் ஒருவர் படவேண்டுமென்றே ஆரஞ்சு மேலங்கி போடும் மான்வேட்டைக்காரர்கள் அந்த ஒரு பருவம் ஆரஞ்சுக் காட்டில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியாமல் பாட்டுப்பாடிக்கொண்டே நடந்தார்கள், மான் ஒன்றும் கிடைக்கவில்லை. தட்டுகள் கழுவப்பட்டு உரியவர்களிடம் திரும்பிப் போயின.

டிசம்பர் முதல் வாரம் ஜனெல் சமையலறை மேசையில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு உறைகளிலும் முகவரி எழுதினாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கறுப்பு இலைகளை வாரிக்கொண்டிருந்தார். கறுப்பு மக்குவதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்று வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நூற்றுப் பதிமூன்றாவதாக இன்னொரு உறையை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து கர்ட்டுக்கு அவள் தபாலில் எதுவும் அனுப்பியதில்லை. அனுப்ப வேண்டிய தூரத்தில் அவன் இருந்ததே இல்லை. அப்போதுதான் அழுதாள், அழவேண்டிய அளவு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கர்ட் வோஸ்பெர்க் என்றும், பவுலிங் கூடம், மாடி என்றும் எழுதி, தபால்தலையை ஒட்டி, மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினாள்.