குட்டிக்கு அடுத்த வண்டி

அந்தச் சின்னக் காருக்கு வயது இருபத்துநாலு. வாங்கும்போதே அதைவிட மலிவான வண்டி கிடையாது. அச்சுக்காரரும் அவர் மனைவியும் அதற்குக் 'குட்டி' என்று பேர் வைத்து, பெற்ற பிள்ளையைப் போலத் திட்டியும் கொஞ்சியும் வைத்திருந்தார்கள்.

அச்சகத்து மெஷின்கள் முப்பது வருஷத்தில் அவர் காதை முக்கால்வாசி தின்றுவிட்டன. முகம் பார்த்து நிதானமாகச் சொன்னால் புரியும். இன்ஜின் ஓடினால் ஒன்றும் கேட்காது. சத்தத்தை வைத்துக் கியர் மாற்ற அவருக்குக் காது ஏது? அந்த வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். டைப்ரைட்டிங் டீச்சராக இருந்தவள். கியர் பிடித்த அவர் கையில் அவள் ஒரு தட்டு தட்டினால் மேல் கியர், இரண்டு தட்டினால் கீழ் கியர். ஒருநாள் அவள் கண்ணயர்ந்துவிட, மனுஷன் கடைத்தெரு முழுக்க இரண்டாவது கியரிலேயே வண்டியை அலறவிட்டார். திரும்பிப் பார்த்தவர்களுக்கெல்லாம், தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

இப்போது அவளுக்கு முதுகெலும்பில் நோய். இனி குணமாகாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வலியைக் குறைக்கத்தான் வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி. குட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப்போடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டுவாள். போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, அவளுக்கு வலி அடங்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஆரம்பித்த விளையாட்டுதான் அது: குட்டி கரண்டில் ஓடும் வண்டியாக மறுபடி பிறந்தால் எப்படி இருக்கும்?

"முகம் இதேதான் இருக்கணும். இந்த முட்டைக்கண்ணு லைட்டும்" என்பாள் அவள்.

"குலுங்கவே கூடாது. தொட்டில் மாதிரி போகணும்."

"கியரே இருக்கக் கூடாதுங்க." ஒவ்வொரு முறையும் இதில்தான் வந்து நிற்பாள்.

"அப்ப உனக்கு வேலை போயிடுமே, டீச்சரம்மா!"

"போகட்டும். எத்தனை நாளைக்குத்தான் தட்டுறது?"

குட்டியைச் செய்த கம்பெனி நிஜமாகவே அப்படி ஒரு கரண்ட் வண்டியைக் கொண்டுவரப்போகிறது என்று பேப்பரில் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே தவிப்பு. அது வருகிறவரை இவள் இருக்க வேண்டும். வலியில்லாமல் ஒரே ஒரு தடவையாவது இவளைக் கூட்டிப்போக வேண்டும்.

வண்டி வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்க ஒரு காலை நேரம் கொடுத்தார்கள். ஷோரூம் பெண் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். முட்டைக்கண்ணைக் காணோம். லைட் கோடு கிழித்தது போல இருந்தது. "மூஞ்சியைப் பாருங்க, தூங்கி வழியுது" என்றாள் மனைவி. ஆனால் கியரும் இல்லை, இன்ஜின் சத்தமும் இல்லை. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. வேண்டுமென்றே அவர் ஆஸ்பத்திரி ரோட்டிலேயே விட்டார். பள்ளமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தும் அந்தச் சொல் காதில் விழுந்தது. ஓடுகிற வண்டியில் அவள் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இன்னைக்கே சொல்லி வச்சிடுவோம்."

"சொல்லி வைங்க. ஆனா எனக்காக இல்ல."

"பின்ன?"

"பக்கத்துல நான் இல்லாட்டியும் இதை நீங்க ஓட்டிடலாம். அந்தக் கவலைதான் எனக்கு இத்தனை நாளா."

அவர் வண்டியை ஓரங்கட்டினார். ஷோரூம் பெண் பதறிப்போய், "வண்டில ஏதாவது பிரச்னையா சார்?" என்று கேட்டாள். வண்டிக்கு ஒன்றுமில்லை. அவர்தான் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தார்.