பித்தளை மூடி

பட்டியலில் அந்தியோக்கோவின் பெயர் இல்லை.

கடல் மாதா திருநாளன்று ஆற்றில் படகுகள் வரிசையாகப் போகும்போது, போன திருநாளுக்குப் பின் கடலில் இறந்தவர்களின் பெயர்களைக் கடல் தொழிலாளர் சபையின் தலைவர் உரக்கப் படிப்பார். பவளம் எடுக்கும் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை போசா ஊரில் கிடையாது. திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. சபை வீட்டில் பட்டியல் மேசைமேல் கிடந்தது. பக்கீசியோ அதை இரண்டு முறை படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார்.

"என் தம்பி பேரு விட்டுப்போச்சு" என்றார்.

"விட்டுப்போகல. விட்டுட்டோம்" என்றார் சபைத் தலைவர் பிரியாமோ.

"காரணம்?"

"உனக்குத் தெரியாதா பக்கீசியோ? குடிச்சுட்டுக் கடல்ல இறங்கினவன் பேர மாதா முன்னாடி படிக்க முடியாது. சபை உண்டான நாள்லேர்ந்து இருக்கிற கட்டு. உங்கப்பா தலைவரா இருந்தப்ப எங்க சித்தப்பா பேரையே அடிச்சாரு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அப்பா அடித்தது சரியென்றே பக்கீசியோ இன்றுவரை நினைத்திருந்தார்.

"எங்க மாஸ்தினு வீட்டுல கயித்தச் சுருட்டி வச்சப்புறம்தான் மதுவத் தொடுவோம். மூணு தலைமுறையா அப்படித்தான்."

மூலையில் இருந்த படகோட்டி லுஸ்ஸோரியோ தொண்டையைச் செருமினான். போன செப்டம்பரில் அந்தியோக்கோவின் படகில் துணைக்கு இருந்தவன் அவன்தான். "அண்ணே, மனசு கஷ்டப்பட வேணாம். அன்னைக்கு ரெண்டாவது தடவ மேல வந்தான். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. பேச்சுக் குழறுது. என்னப் பாத்து அம்மாங்கறான். பவளம் வெட்டற கோடாலிய கீழ விட்டுட்டேன்னான். கோடாலி அவன் இடுப்புலயே தொங்குது. நான் கையப் புடிக்கறதுக்குள்ள திரும்ப இறங்கிட்டான். அதோட சரி."

"வாயில வாடை வந்துச்சா?"

"காத்து பலமா இருந்துச்சுண்ணே."

"வந்துச்சா, இல்லையா?"

லுஸ்ஸோரியோ தரையைப் பார்த்தான். பிரியாமோ குறுக்கிட்டார். "அவன எதுக்கு வதைக்கிற? குடிக்கலன்னு காட்டு, நானே என் கையால எழுதறேன். வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திருக்கேன்."

பக்கீசியோ நிமிர்ந்த முதுகோடு எழுந்து வெளியே வந்தார். வெயிலிலும் அவர் கழுத்துப் பொத்தானைத் திறந்ததில்லை.

அன்று மாலையே தம்பியின் மனைவி மிந்தோனியா ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து அவருடைய பட்டறை மேசைமேல் வைத்தாள். அந்தியோக்கோவின் சுவாசக் கருவி உள்ளே இருந்தது. உடலோடு கரைக்கு வந்தது. பத்து மாதமாக யாரும் பிரிக்கவில்லை.

"உங்களுக்கு வேணும்னு தோணுச்சு அத்தான்."

கைப்பிடி அளவு தடித்த வட்டப் பெட்டி; அதிலிருந்து வாய்க்கு வரும் ஒரு நெளிகுழாய், வாயிலிருந்து திரும்பிப் போகும் இன்னொன்று. இழுக்கும் மூச்சு முதல் குழாயில் வரும். விடும் மூச்சு இரண்டாவதில் போய், பிடரிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில், வாத்தின் அலகு போன்ற ரப்பர் நாக்கைப் பிளந்துகொண்டு தண்ணீரில் கலக்கும். அந்த வெளிவாய்மேல் ஒரு பித்தளை மூடி பூட்டியிருந்தது. ஊசித்துளைகள் போட்டு, உள்ளே கடற்பஞ்சு அடைத்த மூடி. அது கருவி செய்தவர்கள் வைத்ததல்ல. பக்கீசியோ செய்தது.

பவளம் இருக்கும் இடம் ஒரு வீட்டின் சொத்து. ஆனால் கடலுக்கு வேலி இல்லை. அடியில் இருப்பவன் விடும் பெரிய பெரிய குமிழிகள் மேலே வந்து உடைய, அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் படகு வந்து நிற்கும். இந்த மூடி குமிழியை நுரையாக்கிவிடும். நுரை அலையோடு கலந்துவிடும். போன ஆண்டு ஈஸ்டர் விருந்தில் வீடே கூடியிருக்க, பக்கீசியோ மூடியை மேசைமேல் வைத்துக் குழாய் வழியாக ஊதிக் காட்டினார். எதிரே மெழுகுவர்த்திச் சுடர் ஆடியது. "தடையே இல்லாம போகுது பாருங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தியோக்கோதான் பலமாகத் தட்டினான்.

"அவருக்குத் தலவலி எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?" என்றாள் மிந்தோனியா.

"சொன்னதில்லையே."

"ஈஸ்டருக்கு அப்புறம். கடல்லேர்ந்து வந்ததும் காடியில நனச்ச துணியத் தலையில கட்டிட்டுப் படுத்துருவார். அண்ணன்கிட்ட சொல்லட்டுமான்னேன். ஊதறது கொஞ்சம் கனமா இருக்குது, பழகிரும், அண்ணன் மனசு நோகும்னார்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். குற்றம் சாட்டியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை பக்கீசியோ கருவியைக் கழற்றினார். காற்று வரும் பக்கத்தில் பழுதில்லை. ரப்பர் நாக்கும் மெத்தென்றே இருந்தது. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாதியளவு தண்ணீர் ஊற்றி மேசையில் நிறுத்தினார். அதிலிருந்து மெல்லிய ரப்பர்க் குழாயை வாயோரத்துக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு பலமாக ஊத வேண்டியிருக்கிறதோ, அவ்வளவுக்குக் கண்ணாடியில் தண்ணீர் ஏறும். கருவியைத் தண்ணீர்த் தொட்டியில், மட்டத்தை ஒட்டி அமிழ்த்தினார்.

மூடி இல்லாமல் ஊதினார். தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியது.

மூடியைப் பூட்டினார். பஞ்சு ஊறட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தார். அது மூடிக்குள் பருத்து, ஊசித்துளைகளில் பிதுங்கி நின்றது. ஊதினார். கன்னம் உப்பியது. தண்ணீர் ஒரு சாண் ஏறிய பிறகுதான் நுரை கிளம்பியது. அப்படியே இருபது மூச்சு விட்டுப் பார்த்தார். விட வேண்டியதில் பாதி நெஞ்சிலேயே தங்கியது. நெற்றிப்பொட்டு இடித்தது. இது முழங்கையளவு தொட்டி. அந்தியோக்கோ போனது நாற்பது மீட்டர். அங்கே காற்றே ஐந்து மடங்கு அடர்த்தி. விட முடியாத மூச்சு உள்ளே நஞ்சாகத் தேங்கும். கண் சிவக்கும். நாக்குக் குழறும். எதிரே இருப்பவன் யாரென்று மறந்துபோகும்.

வாய்முனையை எடுத்துவிட்டுப் பக்கீசியோ ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பி இறந்ததற்குக் காரணம் இதயம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். மூடியை ஜன்னல் வழியே ஆற்றில் எறிந்துவிடலாம். பட்டறை ஆற்றின்மேல்தான் இருந்தது. எறிந்தால் மாஸ்தினு வீட்டின் பேர்போன கைவேலைக்குப் பங்கமில்லை. தம்பி குடிகாரனாகவே இருப்பான். மூடியைச் சபையில் வைத்தால் தம்பி மீளுவான். அப்புறம் இந்தக் கை?

வெள்ளிக்கிழமை அவர் தொட்டியையும் கருவியையும் லுஸ்ஸோரியோவின் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சபை வீட்டுக்குப் போனார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்.

"என்னப்பா இது, துவைக்கப் போறியா?" என்றார் பிரியாமோ.

"உக்காரு. வாயில வச்சு ஊது."

முதலில் மூடி இல்லாமல். பிறகு ஊறிய மூடியோடு. பிரியாமோ ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர். நெஞ்சு பீப்பாய் மாதிரி. பத்தாவது மூச்சில் குழாயைத் துப்பிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் நனைந்து சிவந்திருந்தன.

"இத வச்சுக்கிட்டா நாப்பது மீட்டர் போனான்?"

"அஞ்சு மாசம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ."

லுஸ்ஸோரியோ தொப்பியைக் கழற்றினான். "அண்ணே, வாடை வரல" என்றான். "அன்னைக்கே வரல. குடிக்கலன்னா வேற என்னன்னு எனக்குத் தெரியல, அதான்..."

பிரியாமோ பேனாவை எடுத்தார். எழுதுமுன் கேட்டார். அவருக்குத் தெரியாததல்ல, எல்லோர் முன்னும் சொல்லப்பட வேண்டியிருந்தது. "யாரு செஞ்சது இந்த மூடிய?"

"நான்தான்."

"சோதிச்சுப் பாக்கலையா?"

"பாத்தேன். காத்துல ஊதிப் பாத்தேன். காஞ்ச பஞ்சு." பக்கீசியோவின் குரல் தாழவில்லை. "தண்ணியில ஊதிப் பாக்கணும்னு தோணல."

பிரியாமோ குனிந்து பட்டியலில் பெயரை எழுதினார்.

ஞாயிறன்று ஆற்றங்கரை நிறைய ஆட்கள் கூடியிருந்தார்கள். இறந்தவனின் பெயர் படிக்கப்படும்போது அவன் வீட்டில் மூத்தவர் முதல் படகில் நின்று ஒரு பவளக் கிளையைப் பிடித்திருக்க வேண்டும். அந்தியோக்கோ எடுத்ததிலேயே பெரிய கிளையைப் பக்கீசியோ வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். படகின் பலகையில் கால் வைக்கப் போனார்.

மிந்தோனியா குறுக்கே வந்து நின்றாள்.

"குடுங்க."

"மூத்தவன்தான் புடிக்கணும் மிந்தோனியா. வழக்கம்."

"தெரியும்." அவள் கைகள் நீண்டே இருந்தன. "நீங்க பேர மீட்டுக் குடுத்தீங்க. அதுக்கு உங்களுக்குக் கும்பிடு. கிளைய நான் புடிச்சுக்கறேன். நீங்க கரையில நில்லுங்க அத்தான்."

படகிலிருந்த பிரியாமோ வேறு பக்கம் பார்த்தார். பக்கீசியோ துணியைப் பிரிக்காமல் அப்படியே அவள் கைகளில் வைத்தார்.

மேளம் ஒலிக்கப் படகுகள் நகர்ந்தன. பாலத்தருகே பிரியாமோவின் குரல் எழுந்தது. மூன்று பெயர்கள். மூன்றாவது, அந்தியோக்கோ மாஸ்தினு. கரையில் பக்கத்தில் நின்றிருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவரைவிட்டு விலகி நின்றார்கள். அவர் கழுத்துப் பொத்தான் போட்டபடி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசிப் படகு வளைவில் மறையும்வரை நிமிர்ந்து நின்றார்.