மாற்றிக் கட்டிய பட்டை

வீரம்மாளுக்கு அந்த வருஷம் முழுக்க ஒரே ஆசைதான் இருந்தது. தூங்க வேண்டும். நகை நட்டு, நல்ல சேலை, மகளைப் பார்க்க வத்தலகுண்டு போய்வருவது எல்லாம் அதற்கப்புறம்தான். களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிப் பூண்டுப் பாத்தியில் சாய்ந்து, மண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். கொடைக்கானல் மலைமேல் இருக்கிற போளூரில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? எல்லாரும்தான் பாடுபடுகிறோம் என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போவார்கள்.

அதனால்தான் கொடைக்கானலிலிருந்து ஜீப்பில் வந்த சௌம்யா அவள் மணிக்கட்டிலும் அவள் புருஷன் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு கறுப்புப் பட்டையைக் கட்டியபோது வீரம்மாளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சௌம்யா பழனிக்காரப் பெண். மலை ஊர்களில் இருக்கிறவர்கள் எவ்வளவு புகைக்கிறார்கள், எவ்வளவு தூங்குகிறார்கள், உடம்பை எவ்வளவு அசைக்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, அதற்காக வீடு வீடாக ஏறி இறங்குவது அவள் வேலை. வளைவுகளில் குமட்டிக் குமட்டி முகம் வெளுத்துத்தான் வந்து சேர்ந்தாள். ஆனால் பேச்சில் குறை வைக்கவில்லை.

"இத ஒரு வாரம் கழட்டவே கூடாதுக்கா. குளிக்கும்போதும் இருக்கட்டும். நீங்க எப்பத் தூங்குறீங்க, எப்ப நடக்குறீங்கன்னு இதுவே பாத்துக்கும்."

"நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாங்க்கா."

அது போதும் என்றிருந்தது வீரம்மாளுக்கு. அவள் சொல்ல முடியாததை இந்தப் பட்டையாவது சொல்லித் தொலைக்கட்டும்.

சொல்ல முடியாத விஷயம் இதுதான். ஓடைக்கு மேலே ஒரே சரிவில் மூன்று வீட்டுத் தோட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று வீரம்மாளின் புருஷன் அழகுமலையுடையது. மற்ற இரண்டும் அவருடைய பங்காளிகள் முருகானந்தத்துக்கும் நாச்சிமுத்துவுக்கும் சொந்தம். கிழங்கும் பூண்டும் மண்ணில் இருக்கிற காலத்தில் ராத்திரியானால் பன்றி இறங்கும், காட்டுமாடு வந்து மிதிக்கும். அதனால் மூன்று வீடும் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். காவலுக்கு ஆம்பளைதான் போக வேண்டும். ஆள் அனுப்ப முடியாத வீடு முறையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பிறகு தன் தோட்டத்தை தினமும் ராத்திரி தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் உட்கார்ந்து பேசிப் போட்ட சட்டம் இல்லை, ஆனாலும் இதுவரைக்கும் யாரும் மீறியதும் இல்லை.

போன பனிக்காலத்தில் அழகுமலைக்கு மூச்சு இளைப்பு வந்துவிட்டது. மீசை முளைத்த நாளிலிருந்து ஊதிய பீடி சும்மா விடுமா? இன்னொரு பீடியைத் தொட்டால் என்னிடம் வராதே என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனுஷன் நிஜமாகவே விட்டுவிட்டார், அந்த வகையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குளிரில் காவல் குடிசையில் உட்கார அவரால் ஆகவில்லை. ஆகவில்லை என்று வெளியில் சொல்லவும் வாய் வரவில்லை. முறையை விட்டுத் தள்ளிவிட்டால் அப்புறம் ராத்திரி ராத்திரி காவல்தான், அதற்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செத்துப்போகலாம். "இன்னைக்கு ஒரு நா மட்டும் நீ போயிட்டு வா புள்ள" என்றார். அந்த ஒரு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

அவருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருட்டியதும் போவாள். வெளுக்கும் முன்னால் திரும்பிவிடுவாள். பீடி நெருப்பு கனிந்தால்தான் அழகுமலை முழித்திருக்கிறான் என்று எதிர்ச்சரிவில் அவரவர் தோட்டத்துக்குக் காவல் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்காகவே அவளும் பீடியைப் பற்றவைத்தாள். முதலில் கையில் பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தாள். இழுக்காத பீடி அணைந்துவிடுகிறது. அதனால் இழுத்தாள். இருமல் வந்தது. அந்த இருமலும் புருஷன் இருமல் மாதிரியே இருந்தது வசதியாகப் போயிற்று. கொஞ்ச நாளில் இருமல் நின்றது, பீடி நிற்கவில்லை. இப்போதெல்லாம் காலையில் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஒன்று குடிக்காவிட்டால் அவளுக்குக் கை கால் ஓடுவதில்லை. புருஷன் விட்டதைப் பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டால் ஊர் வயிறு வலிக்கச் சிரிக்கும். சிரிக்கிற காரியமா இது?

சௌம்யாவின் ஜீப் வளைவு திரும்பியதுமே அழகுமலை வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"ஏ வீரம்மா, அதக் கழட்டு."

"கழட்டக் கூடாதுன்னுல்ல சொல்லிட்டுப் போயிருக்கு அந்தப் புள்ள."

"நீ ராத்திரி திரியுறது உன் பேருல ஏறும். நான் படுத்துக் கெடக்குறது என் பேருல ஏறும். நாளப்பின்ன அந்தப் புள்ள வந்து எல்லாத்துக்கும் முன்னால வாசிச்சா முருகானந்தம் காதுல விழாதா? என்னோடத நீ கட்டு, உன்னோடத இங்க குடு."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவளுக்குப் பெரிய வேதனை. மறுத்துப் பேச ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் பேசியிருப்பாள். பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடிக்கவும் நேரம் இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு வாரம் முடிந்ததும் பட்டைகளை வாங்கிக்கொண்டு போன சௌம்யா, மறுபடியும் வந்தபோது மத்தியானம். மேகம் இறங்கி எதிர்ச்சரிவு தெரியாமல் இருந்தது. அழகுமலை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தன் பட்டை என்ன சொல்கிறது என்று கேட்க முருகானந்தமும் வந்து சுவரோரமாகக் குந்தியிருந்தார். வீரம்மாள் அப்போதுதான் தோட்டத்திலிருந்து புல்லுக்கட்டை இறக்கிவிட்டு வந்து நின்றாள்.

"அய்யா, உங்க ரிப்போர்ட்டப் பாத்துத்தான் எங்க மேடமே பயந்துட்டாங்க" என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் சௌம்யா. "பகல்லயும் நடக்குறீங்க, ராத்திரியிலயும் நடக்குறீங்க. ரெண்டு மூணு ராத்திரி பொட்டுத் தூக்கமே இல்ல. இப்பிடியே போனா உடம்பு தாங்காதுங்கய்யா. நல்லா ரெஸ்ட் எடுக்கணும். வீட்ல இருக்கிறவங்க வேலையப் பகிர்ந்துக்கணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் வீரம்மாளைப் பார்த்தாள்.

"என்ன செய்யிறதும்மா, பாடுபட்ட உடம்பு. சும்மா இருக்க விட மாட்டேங்குது" என்றார் அழகுமலை. வெட்கமே இல்லாமல் சொன்னார்.

"அக்கா, நீங்க நல்லாத் தூங்குறீங்க, ரொம்ப சந்தோஷம். நடமாட்டம்தான் கம்மியா இருக்கு. உக்காந்தே இருக்கீங்க போல. தெனம் சாயங்காலம் கொஞ்ச நேரம் வெரசா நடங்க. வாக்கிங் மாதிரி."

வீரம்மாள் தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துக் கீழே போட்டாள்.

"நானும் அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன், எங்க கேக்குறா" என்றார் அழகுமலை. தான் சொல்வது பொய் என்பதே அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

அப்புறம் சௌம்யா பையிலிருந்து சின்ன மெஷின் ஒன்றை எடுத்தாள். புகைக்கிறவர்கள் ஊதினால் சிவப்பு எரியும், மற்றவர்கள் ஊதினால் பச்சை. முருகானந்தம், போலீஸ்காரன் மறித்து ஊதச் சொன்ன மாதிரியே இருக்கு என்று சொல்லிக்கொண்டு ஊதினார். சிவப்பு. அது அவருக்கே தெரிந்ததுதான், சிரித்துக்கொண்டார். அழகுமலைக்குப் பச்சை. "நெசமாவே விட்டுட்டீங்களே அய்யா" என்று சௌம்யா பாராட்டினாள். முருகானந்தம் தரையைப் பார்த்தார்.

வீரம்மாள், எனக்கெதுக்கு என்றாள். எல்லாருக்கும் பார்க்க வேண்டும் என்று சொல்லி மெஷினை வாயருகே நீட்டினாள் சௌம்யா. மூச்சை மாற்றியா கட்டிக்கொள்ள முடியும்? ஊதினாள். சிவப்பு எரிந்தது. குழாயை மாற்றி மறுபடியும் ஊதச் சொன்னாள். மறுபடியும் சிவப்புதான்.

"வீட்ல விறகடுப்பாக்கா?"

"ஆமா."

"அப்ப அந்தப் புகையாத்தான் இருக்கும். சில பேருக்கு அப்பிடிக் காட்டும், பயப்படாதீங்க."

"அடுப்புதான், அடுப்புதான். குளிருக்கு நாள் பூரா எரியுதுல்ல" என்று அவசரமாகச் சொன்னார் அழகுமலை.

அவளும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சௌம்யா ஜீப் ஏறியிருப்பாள். அன்றைக்கு அவர்கள் வீட்டு முறை. இருட்டியதும் வீரம்மாள் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் ஓய்ந்து போயிற்று. அடுத்து அவள் சொன்னதைப் பின்னால் சிலர் தைரியம் என்று சொன்னார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. பொய் சொல்லக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லாமல் போனதுதான் விஷயம்.

"அடுப்பு இல்லம்மா, பீடி. நான்தான் குடிக்கிறேன். நீ கட்டுன பட்டையையும் மாத்திக் கட்டிக்கிட்டோம். ராத்திரியில நடக்குறது நானு. தூங்குறது அவரு."

அழகுமலைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வீரம்மாள் அவரைப் பார்க்கவில்லை. முருகானந்தத்தின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஒரு வருசமாக் காவலுக்கு வந்தது நான்தான். உங்க அண்ணனுக்கு முடியல. எங்கள மொறைய விட்டுத் தள்ளுறதுன்னா தள்ளிக்கிருங்க."

முருகானந்தம் பிடரியைச் சொறிந்தார்.

"தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"நீங்கதான்னு தெரியும். நாச்சிமுத்துக்கும் தெரியும். அண்ணன் நடையும் உங்க நடையும் ஒண்ணா? மொத வாரமே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு என்ன செய்ய? அண்ணன் காவல் இருந்தப்ப பாதி ராத்திரிக்கு மேல கொறட்டதான் கேக்கும். நீங்க வந்ததுக்கப்புறம் ஒரு பன்னி எறங்கல. உள்ளதச் சொல்லணும்ல, உங்க மொறையன்னைக்குத்தான் நாங்க நிம்மதியாத் தூங்குறோம். அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

மனுஷன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். நல்ல மனுஷர்தான்.

வீரம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாருக்குப் பயந்து துண்டு சுற்றினாள், யாருக்குக் காட்டப் பீடியை இழுத்தாள்? எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் புரண்டு படுத்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கோபம் வந்ததே இல்லை. கத்தவேண்டும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது.

"அக்கா, அப்ப எல்லாமே தப்பாப் போச்சு" என்றாள் சௌம்யா, அழாத குறையாக. "திரும்ப ஒரு வாரம் கட்டணும்."

"கட்டலாம்மா. எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு வீரம்மாள் உள்ளே போனாள். பாயைக்கூட விரிக்காமல் முந்தானையைத் தலைக்கடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், வாசலில் மூன்று பேர் இருக்கும்போதே படுத்துவிட்டாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படிப் படுத்ததில்லை.

வாசலில் சத்தம் தாழ்ந்தது. ஜீப் கிளம்பிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அழகுமலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது அவளுக்குத் தெரிந்தது.

"படுத்துட்டா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்ண்ணே, பாவம். தூங்கட்டும்" என்றார் முருகானந்தம். "பொழுது சாய இன்னும் நேரம் கெடக்குல்ல."

வீரம்மாள் எழுந்தாள். போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து படுத்தாள். விடிகிற வரைக்கும் அதைத் திறப்பதாக இல்லை.