கழிக்கக் கூடாத ஒருவன்

கணித உலகமே கைகட்டி நின்று கேட்க வேண்டிய மாபெரும் உண்மை ஒன்று, இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 1987-இல், கள்ளக்குறிச்சியில் ஒரு சாதிச் சங்கக் கூட்டத்தில் வெளியிடப்பட்டது: 3,41,047 ஒரு பகா எண்.

வீடு வீடாகப் போய்ச் சங்கம் எடுத்த தலைக்கணக்கு அது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் அது வகுபடாது என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாராயணசாமி சொன்னதும் தலைவர் சின்னதுரைக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நம்மை எவனும் பிரிக்க முடியாது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்றார். சுவரெல்லாம் எண் ஏறியது.

ஒரே சங்கடம். கணக்கெடுத்து முடிந்த பிறகு, வெள்ளிமலைச் சாலையை மறிக்கப் புளியமரம் வெட்டிய பாவாடை என்ற கூலிக்காரன் அந்த மரத்துக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தான்.

அவன் அம்மா ஆயம்மாள் வாத்தியாரைத் தேடி வந்தாள். காரியம் முடிந்தும் மகன் போகவில்லையாம். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் பச்சைப் புளியமர வாசனையாம். மூடி வைத்த சோற்றின் மேல் மரத்தூளாம்.

“உசுரோட இருக்கறான்னு செவுத்துல எழுதி வச்சிக்கினு இருக்கீங்க. அவன் எப்பிடிங்க போவான்? ஒண்ணு கழிச்சுடுங்க.”

“கழிச்சா ரெட்டைப்படை ஆயிடும்மா. ரெண்டால வகுபடும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப என்னையும் சேத்துக் கழிச்சுடுங்க.”

பழக்கதோஷம். வாத்தியார் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். “அதுவும் ஆவாதும்மா. அஞ்சுல முடியுது.”

இருந்தாலும் சின்னதுரையிடம் போய்ச் சொன்னார். ஒருத்தனுக்காக அத்தனை சுவருக்கும் வெள்ளையடிப்பதா என்று கேட்டார் தலைவர். “செத்தவன் ஓட்டுப் போடறதில்லையா? இதுலயும் இருந்துட்டுப் போறான்.”

அன்றிலிருந்து வாத்தியாரின் காபியிலும் புளியமர வாசனை அடித்தது.

தியாகதுருகம் கூட்டத்தில் சின்னதுரை எண்ணை முழங்க, எல்லாரும் கை தூக்கினார்கள். கடைசி வரிசையில், ஆயம்மாளுக்குப் பக்கத்தில், தலைமயிரெல்லாம் மரத்தூளோடு ஒருவனும் தூக்கினான். மேடையிலிருந்து வாத்தியார் அவனைப் பார்த்தார். மற்ற கைகள் இறங்கின. அந்தக் கை இறங்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் ஆயம்மாள் அதைப் பிடித்து இறக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

3,41,047 ஏழால் மீதியில்லாமல் வகுபடும்.