கேட்டது தூறல்

கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று பத்மநாபன் கேட்டபோது ஷ்யாமளா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கிற அவசரத்தில் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? நாபா, மான்டரே என்று வாயில் வந்த ஊரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. யாரைக் குறை சொல்ல?

விளைவு, மார்ச் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமையன்று சன்னிவேலிலிருந்து காரில் கிளம்பி, நாள் முழுக்க இடுப்பொடிய உட்கார்ந்து வந்து, டெத் வேலிப் பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது மைல் ஹைக்காம். ஒன்பது! அவளுடைய தினசரி நடை பார்க்கிங்கிலிருந்து ஆபீஸ் லிஃப்ட் வரைக்கும்தான்.

பத்மநாபனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. டாக்டர் "சுகர் பார்டர்லைன்" என்று சொன்ன அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அந்த மனிதருக்குப் பெருமைப்பட ஒரே விஷயம்தான் இருந்தது: தலைமுடி. நாற்பத்தொன்பது வயதில் நெற்றி ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. சிநேகிதர்கள் எல்லாரும் தொப்பிக்கு மாறிவிட்ட பிறகு, இவர் மட்டும் குரூப் போட்டோவில் முன்வரிசையில் வந்து நிற்பார். மாதம் ஒருமுறை பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் சாயம் பூசுவது ஷ்யாமளாவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஹைக்குக்கும் சட்டைப்பையில் சீப்போடுதான் வந்திருந்தார்.

"ஷ்யாமு, தண்ணி பாட்டில் எடுத்துக்கோ. வெயில் ஏறதுக்குள்ள ரெண்டு மைல் முடிச்சிடலாம்" என்று கூடாரத்துக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

ஷ்யாமளா கூடார வாசல் வழியே வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்தபடியே பிள்ளையாரைக் கூப்பிட்டாள். ஒரு சின்னத் தூறல் போதும், பதினோரு தேங்காய் உடைக்கிறேன் என்றாள். பிள்ளையார் அசையவில்லை. முருகனிடம் போனாள். ஒரு குடம் பாலாபிஷேகம். முருகனும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த லேஸுக்கு வந்தபோது அவளுக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

"ஏழுமலையானே, இந்த ஹைக் மட்டும் நின்னு போகட்டும். இவரை உன் மலைக்குக் கூட்டிட்டு வந்து மொட்டை போடறேன்" என்று முணுமுணுத்தாள்.

அவளுடைய முடியை ஏன் வேண்டிக்கொள்ளவில்லை என்று கேட்காதீர்கள். வகிட்டில் ஏற்கெனவே வழி விட்டிருந்தது. உள்ளவரிடம்தானே எடுக்க முடியும்?

பக்கத்தில் படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்த பதினைந்து வயது மகள் தீக்ஷா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். தமிழில் ஒரு வரி பேசச் சொன்னால் திக்குகிறவள்தான். ஆனால் கேட்கக்கூடாததெல்லாம் துல்லியமாகக் காதில் விழும்.

"வெயிட். டிட் யூ ஜஸ்ட் செல் டாட்ஸ் ஹேர்?"

"ஷ்! வாயை மூடுடி. பபிள் டீ வாங்கித் தரேன்."

"ஃபார் எ மந்த்."

"சரி, தொலை."

நடந்தார்கள். கூழாங்கல் நிறைந்த ஒரு காய்ந்த ஓடையைக் கடந்து மேட்டில் ஏறினார்கள். இரண்டாவது மைலில் ஷ்யாமளாவின் முழங்கால் பேச ஆரம்பித்த சமயம், எதிர்மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு மேகத்தின் விளிம்பு எட்டிப் பார்த்தது. அவள் தீக்ஷாவைப் பார்த்தாள். தீக்ஷா அப்பாவின் தலையைப் பார்த்தாள்.

"ஓ மை காட்" என்றாள் தீக்ஷா.

பத்து நிமிஷத்தில் காற்று எழும்பியது. மணல் வாயில், காதில், கண்ணில் எல்லாம் புகுந்தது. "திரும்பு! எல்லாரும் திரும்பு!" என்று பத்மநாபன் கத்தினார். அப்புறம்தான் மழை. அது என்ன தூறலா? வாளி வாளியாகக் கொட்டியது. ஷ்யாமளா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் டீமை நடத்துகிறவள். என்ன வேண்டும் என்று மற்றவர்கள் எழுதுகிற ரிக்வயர்மென்ட்டில் அளவு போடவில்லை, எல்லை போடவில்லை என்று பதினைந்து வருஷமாகத் திருப்பி அனுப்புகிறவள். அப்படிப்பட்டவள் பெருமாளிடம் போய் "ஹைக் நிற்கட்டும்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எப்படி நிறுத்துவது, எவ்வளவு போதும் என்று ஒரு வார்த்தை இல்லை.

காலையில் காய்ந்து கிடந்த ஓடை இப்போது காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் ஆழம்தான். ஆனால் ஏறிக்கொண்டிருந்தது. பத்மநாபன் முதலில் தீக்ஷாவை இழுத்துப்போய் அக்கரையில் நிறுத்தினார். திரும்பி வந்து ஷ்யாமளாவின் கையைப் பிடித்தார். பாதி வழியில் அவள் காலுக்கடியில் ஒரு கல் புரண்டது. முழங்கால் வரை தண்ணீர் இழுத்தது. அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை. அவர் அவளுடைய ஜாக்கெட் காலரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் வேகமாக அசைந்துகொண்டிருந்தது. திட்டுகிறார் என்று நினைத்தாள். திட்டட்டும், எல்லாம் நான் செய்த வேலைதானே என்றும் நினைத்தாள்.

எப்படியோ கரையேறி முகாமுக்கு வந்தால் கூடாரத்தைக் காணோம். நாலு இடம் தள்ளி யாருடைய வேனுக்கோ அடியில் சுருண்டு கிடந்தது. தயிர்சாத டப்பா திறந்துபோய் அதில் பாதி மணல். ரேஞ்சர் அம்மா ஒருத்தி ஒவ்வொரு வண்டியாக வந்து, ரோட்டை மூடப் போகிறார்கள், இப்போதே கிளம்புங்கள் என்று விரட்டினாள். வாரிச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து, வெயில் அடிக்கிற ஏதோ ஒரு சின்ன ஊரின் சாப்பாட்டுக் கடையில், ஈரச் சாக்ஸோடு உட்கார்ந்து மூன்று பேரும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் தின்றுகொண்டிருந்தார்கள். பத்மநாபன் சீப்பை எடுத்து, முடியிலிருந்து மணலை வாரி வாரி நாப்கினில் தட்டினார். ஒவ்வொரு வாருக்கும் ஷ்யாமளா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் கேட்டதைக் கொடுத்த சாமியை ஏமாற்றுவதா? மேசைக்கு அடியில் தீக்ஷா வேறு உதைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

பத்மநாபனின் சீப்பு தலையிலேயே நின்றது.

"என்னைக் கேக்காம என் தலையை வெச்சு வேண்டிக்கிட்டியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"இந்த மழையை வரவழைச்சது நீயா?"

"நான் கேட்டது தூறல்ங்க!"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழப் போகிறாரோ என்று அவள் பயந்தாள். பார்த்தால் தோள் குலுங்கியது. மனிதர் சிரிக்கிறார்!

"சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "தண்ணியில உன் கால் வழுக்கிச்சே. அப்ப எனக்குக் கை கால் ஓடலை, ஷ்யாமு. இவளைக் கரையேத்திடு பெருமாளே, நாங்க உன் மலைக்கு வர்றோம்னு வேண்டிக்கிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்கென்ன, போய்ட்டு வரலாம். எப்படியும் உங்க மொட்டைக்குப் போகணுமே."

"கார்ல இல்ல. நடந்து."

"எங்கேர்ந்து?"

"கீழேர்ந்துதான். அலிபிரி. மூவாயிரத்து ஐந்நூத்திச் சொச்சம் படி."

ஷ்யாமளா கையிலிருந்த ஃப்ரையைக் கீழே வைத்தாள். "என்னைக் கேக்காம என் காலை வெச்சு வேண்டிக்கிட்டீங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

தீக்ஷா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "யூ கைஸ் டிசர்வ் ஈச் அதர்!"

"நீ என்னடி சிரிக்கிற?" என்றார் பத்மநாபன். "குடும்பத்தோடன்னு வேண்டியிருக்கேன்."

சிரிப்பு நின்றது.

பத்மநாபன் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டார். "எல்லாம் சரி, டிசம்பர்ல இந்தியா போறதுக்குள்ள உனக்கு ட்ரெய்னிங் வேணும். மிஷன் பீக் மலையில ஆரம்பிச்சு வாராவாரம் ஏறணும். இல்ல, முடியாதுன்னா சொல்லிடு. நீ ஏறலைன்னா எனக்கும் மொட்டை கிடையாது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தப்பிக்க வழி அவரே காட்டுகிறார். அவருக்கு முடி மிச்சம், இவளுக்குப் படி மிச்சம். ஷ்யாமளா பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தாள். ஆனால் காலரை இறுக்கிப் பிடித்ததில் அவளுடைய கழுத்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றாள்.

"ஆறு."

"சரி. ஆனா இனிமே அந்த ஹேர் டை பாக்கெட்டை வாங்காதீங்க. வேஸ்ட்."

"வாட் டை?" என்றாள் தீக்ஷா.